எஸ்.எஃப்.-86 படிவத்தில் எதை விடலாம் என்று சொல்லித்தராதீர்கள்: தமிழ்ச் சங்க வேலைவாய்ப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் வேலைவாய்ப்பு வழிகாட்டல் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

வாஷிங்டனைச் சுற்றியுள்ள வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளிலும், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் போன்ற ஊர்களிலும் ஐ.டி. வேலை தேடிப் போகிறவர்களுக்குப் பல நேரம் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலைதான் கண்ணில் படும். அரசின் ரகசியத் தகவலைக் கையாளத் தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள். கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் இந்த வேலைகளுக்கு வரத் தொடங்கிய பிறகு, ரெஸ்யூமே, நேர்காணல் பாடங்களோடு, கிளியரன்ஸ் கேட்டு நிரப்பும் எஸ்.எஃப்.-86 படிவமும் உங்கள் பயிலரங்குகளில் ஒரு தலைப்பாகிவிட்டது. நல்லதுதான். மேடையில் சொல்லப்படுவதில் எங்களுக்குக் குறை இல்லை. காபி இடைவேளையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லப்படுவதுதான் சிக்கல்.

"ஏழு வருஷம் ஆன கடன்லாம் ரிப்போர்ட்லேர்ந்து போயிடும், அதையெல்லாம் போடாதீங்க." "கட்டி முடிச்சிட்டீங்கல்ல, அப்புறம் என்ன, 'நோ'ன்னு கிளிக் பண்ணுங்க." "ஊர்ல இருக்கிற அக்கவுண்ட் இவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?" நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த மூன்றும் தவறு. கடனால் வந்த சிக்கலைப் பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். இந்த யோசனைகளைக் கேட்டு நடந்ததால் வரும் சிக்கலைச் சரிசெய்வதுதான் கடினம். இந்தப் படிவங்களோடும் அவை கிளப்பும் வழக்குகளோடும் தொழில்முறையில் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: படிவத்தில் எதைப் போடலாம், எதை விடலாம் என்று சொல்வதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் செய்ய உருப்படியான வேறு வேலைகள் இருக்கின்றன.

முதலில் விதி. கிளியரன்ஸ் தரலாமா என்பதை எடைபோடும் அளவுகோல், தேசிய உளவுத்துறை இயக்குநர் பிறப்பித்த 'சீட் 4' என்ற உத்தரவு. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ளது. ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். அவற்றில் எஃப் பணவிவகாரம், ஈ தனிநடத்தை. ஒவ்வொரு தலைப்பிலும் எதனால் சந்தேகம் வரும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தச் சந்தேகம் எதனால் நீங்கும் என்று அதற்கடுத்து இன்னொரு பட்டியல். நம்மவர்கள் முதல் பட்டியலைப் படித்துப் பயந்து, இரண்டாவதைப் படிக்காமலே படிவத்தை நிரப்புகிறார்கள்.

கிளியரன்ஸ் யாருடைய உரிமையும் அல்ல. 1988இல் கடற்படைத் துறை எதிர் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தவறு நேர்வதானால் அது மறுக்கும் பக்கமாக நேரட்டும் என்பதும் அதே தீர்ப்பு. ஆகவே இது குற்றவியல் வழக்கு போல அரசு எல்லாவற்றையும் நிரூபிக்கவேண்டிய இடமல்ல. மறுக்கப்படும் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் காட்டுவது அரசின் வேலை. ஒப்புக்கொண்டதற்கும் நிரூபணமானதற்கும் சமாதானம் காட்டுவது விண்ணப்பதாரரின் வேலை. அந்தச் சமாதானத்துக்குக் காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சு இங்கே செல்லுபடியாகாது.

இப்போது படிவத்தின் 26ஆம் பிரிவுக்கு வருவோம். கடந்த 7 ஆண்டுகளில் திவால் மனு, வரி தாக்கல் செய்யாதது அல்லது கட்டாதது, நீதிமன்றத் தீர்ப்புக் கடன், கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போன பில், சார்ஜ்-ஆஃப் ஆன (வராக்கடன் என்று வங்கி எழுதிவிட்ட) கணக்கு, பறிமுதலான வண்டி, கடனுக்காக நடந்த சம்பளப் பிடித்தம், 120 நாளுக்கு மேல் நிலுவையில் நின்ற கடன் எல்லாம் உண்டா என்று அது கேட்கிறது. கவனிக்கவேண்டிய இடம், கேள்வி 'இப்போது பாக்கி உண்டா' என்பதோடு நிற்கவில்லை, 'நடந்ததா' என்றும் கேட்கிறது என்பதுதான். 2021இல் கலெக்‌ஷனுக்குப் போன மருத்துவமனை பில்லை 2022இல் முழுக்கக் கட்டியிருந்தாலும், 2025இல் படிவம் நிரப்பும்போது பதில் 'ஆம்' தான். கட்டி முடித்த தேதியை எழுதக் கீழே இடம் இருக்கிறது. இன்னொன்று, தானே வாங்கிய கடன் மட்டுமல்ல, கூடக் கையெழுத்துப் போட்டதும் ஜாமீன் நின்றதும் இதில் அடக்கம் என்று படிவமே சொல்கிறது. மச்சானின் கார் லோனுக்குப் போட்ட கையெழுத்து நம் வீடுகளில் சாதாரணம். அவர் கட்டாமல் விட்டால் அது உங்கள் 26ஆம் பிரிவு.

கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து ஒரு கணக்கு மறைவது, நியாயமான கடன் தகவல் சட்டம் வைத்த 7 ஆண்டுக் கெடுவினால்தான். கடன் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கடனை வசூலிக்க வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது என்பதும் அப்படியே. சட்டப்படி தப்பிக்கலாம், ஆனால் டோஹா எனப்படும் பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகத்தில், கெடு தாண்டும்வரை காத்திருந்ததை நல்லெண்ண முயற்சியாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வங்கி கடனைத் தள்ளுபடி செய்து 1099-சி படிவம் அனுப்பினாலும் அதே கதை. வங்கி வசூலைக் கைவிட்டது என்பதற்குத்தான் அது சான்று. அதோடு தள்ளுபடியான தொகை பொதுவாக வருமானமாகக் கணக்கில் வரும். அந்த ஆண்டு வரித் தாக்கலில் காட்டாமல் விட்டால் கடன் பிரச்சினை வரிப் பிரச்சினையாகிவிடும்.

இனி, மறைத்தால் என்ன ஆகும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வேலை போய் எட்டு மாதம் சும்மா இருந்த ஒருவருக்கு 11,300 டாலர் கிரெடிட் கார்டு கடன் சார்ஜ்-ஆஃப் ஆகிவிட்டது. அவர் படிவத்தில் அதைச் சொல்லியிருந்தால் கிளியரன்ஸ் தர ஏன் தயங்குகிறோம் என்று அரசு அனுப்பும், எஸ்.ஓ.ஆர். எனப்படும் காரண அறிக்கையில் 1.ஏ என்று ஒரே ஒரு வரி வரும், எஃப் தலைப்பின் கீழ். அதற்கு மருந்து உண்டு. 'இல்லை' என்று போட்டிருந்தால் அடுத்து 2.ஏ வரும், ஈ தலைப்பின் கீழ்: "26ஆம் பிரிவுக் கேள்விக்கு 'இல்லை' என்று பதிலளித்தீர்கள், மேலே 1.ஏ-இல் சொல்லப்பட்ட கடனை வேண்டுமென்றே மறைத்தீர்கள்." கடனைக் கட்டி 1.ஏ-வைத் தீர்க்கலாம். 2.ஏ-வை எதைக் கட்டித் தீர்ப்பது? போதாததற்கு, அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 18ஆம் தலைப்பின் 1001ஆம் பிரிவின்படி 5 ஆண்டுவரை சிறை விதிக்கத்தக்க குற்றம், படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். விசாரிக்கிறவர்கள் கையில் கிரெடிட் ரிப்போர்ட் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது.

விட்டுப்போனதெல்லாம் பொய் ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 'வேண்டுமென்றே' என்பதுதான் குற்றச்சாட்டின் உயிர். ஐந்து கடனில் நான்கை எழுதி, பழைய முகவரிக்குப் போன 140 டாலர் ஃபோன் பில்லை மட்டும் விட்டிருந்தால், தெரியாமல் விட்டேன் என்ற பேச்சு எடுபடும். ஒன்றையுமே எழுதாமல் விட்டுவிட்டு அதையே சொன்னால் எடுபடாது.

உங்களுக்காகவே எழுதியதுபோல ஈ தலைப்பில் இரண்டு விதிவிலக்குகள் இருக்கின்றன. 17(ஏ): விட்டதை, ஆதாரத்தை முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு முன்பே, தானாக, தாமதமில்லாமல் திருத்தியிருந்தால் சலுகை உண்டு. விசாரணையாளர் நேரில் உட்காரும்போது வழக்கமாக முதலில் பொதுவாகக் கேட்பார்: நிலுவை, கலெக்‌ஷன் ஏதாவது உண்டா? அதற்கு 'இல்லை' என்ற பிறகுதான் கையிலிருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவிலுள்ள சில நிமிடங்களில் ஒருவரின் கிளியரன்ஸ் போய்விடலாம். படிவத்தில் பிழை இருப்பது தெரிந்தால், நேர்காணல்வரைகூடக் காத்திருக்கவேண்டாம். நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, நகல் வைத்துக்கொள்ளவேண்டும். நேர்காணலில் முதல் வார்த்தையாக "படிவத்தில் ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன்" என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுக்கவேண்டும்.

17(பி) இன்னும் முக்கியம். வக்கீலோ, பாதுகாப்பு நடைமுறை பற்றி ஆலோசனை சொல்வதையே பணியாகக் கொண்டவரோ தவறாகச் சொன்னதால் விட்டிருந்தால், உண்மை தெரிந்ததும் முழுக்க ஒத்துழைத்தவருக்குச் சலுகை உண்டு. சங்கத்துச் செயலாளரும், அதே கம்பெனியில் பத்து வருஷமாக இருக்கும் அண்ணனும் இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பேச்சைக் கேட்டு 'நோ' போட்டவர் விசாரணையில் உங்கள் பெயரைச் சொன்னால், அவர் படிவக் கேள்வியைப் புரிந்துகொண்டே மறைத்தார் என்பதற்குத்தான் அது சாட்சியாகும்.

கன்சல்டன்சி விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். சில இடைத்தரகு நிறுவனங்கள் ரெஸ்யூமேயில் இல்லாத அனுபவத்தைச் சேர்ப்பது ஊரறிந்த விஷயம். படிவத்தின் 13ஆம் பிரிவு 10 ஆண்டு வேலை விவரத்தைக் கேட்கிறது. யார் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று) கொடுத்தார்களோ அவர்கள்தான் முதலாளி. கிளையன்ட் அலுவலகம் வேலை செய்த இடம் மட்டுமே; அதை எழுதத் தனியாக இடம் இருக்கிறது. இரண்டு புராஜெக்ட்டுக்கு நடுவில் சம்பளமின்றி இருந்த மாதங்களை நீட்டி மறைக்கக்கூடாது. நீக்கப்பட்டது, நீக்கிவிடுவோம் என்றதால் விலகியது, குற்றச்சாட்டு எழுந்து பேசிப் பிரிந்தது மூன்றும் 7 ஆண்டுக்குள் என்றால் எழுதவேண்டும். அதே நபரின் ரெஸ்யூமே, பழைய குடியுரிமை மனு, இந்தப் படிவம் மூன்றும் வெவ்வேறு கதை சொன்னால் கடனே இல்லாதவரும் ஈ தலைப்பில் மாட்டுவார்.

சரி, உண்மையைச் சொல்லியாயிற்று, கடன் இருக்கிறது. எப்படி மீள்வது? எஃப் தலைப்பின் 20ஆம் பத்தியில் வழிகள் உள்ளன. அதிகம் பயன்படுவது 20(பி): வேலை இழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு, மரணம், விவாகரத்து, அடையாளத் திருட்டு போலக் கைமீறிய காரணம். இதைப் படித்ததும் எல்லோரும் லே-ஆஃப் கடிதத்தை இணைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். விதியின் இரண்டாம் பாதி, 'அந்தச் சூழலில் பொறுப்போடு நடந்துகொண்டார்' என்பது. வேலை போனதும் வங்கிக்குப் ஃபோன் செய்து தவணையைக் குறைக்கக் கேட்டீர்களா? மறுபடி வேலை கிடைத்த பிறகு வந்த சம்பளம் எங்கே போயிற்று? பாக்கி அப்படியே நிற்க, நடுவில் நான்கு டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்வந்திருந்தால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெற்றோருக்குப் பணம் அனுப்புவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அது படிவத்தின் 20ஏ பிரிவில் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று, அவ்வளவே. ஆனால் மாதம் 600 டாலர் ஊருக்குப் போய்க்கொண்டிருக்க, 50 டாலர்கூடக் கடனுக்குப் போகவில்லை என்றால் கணக்கு கேட்பார்கள்.

அந்தக் கணக்கைக் கேட்கும் தாள் பெரும்பாலும் எஸ்.ஓ.ஆருக்கு முன்பே, எழுத்துக் கேள்விகளோடு சேர்ந்து வரும்: மாத வருமானம், செலவு, கடன் தவணை, மிச்சம். இதைத்தான் பலரும் ஐந்து நிமிடத்தில் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் மைனஸில் வந்தால், வருமானத்துக்கு மேல் வாழ்கிறார் என்று பொருள். மிச்சம் 1,800 டாலர் என்று தாராளமாகக் காட்டினால், அதை வைத்துக்கொண்டு ஏன் கடனைக் கட்டவில்லை என்பது அடுத்த கேள்வி. மூன்று மாத வங்கிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரியும் பிள்ளைகள் வகுப்புக் கட்டணமும் கார் காப்பீடும் விடாமல் எழுதினால்தான் உண்மையான எண் வரும். அந்த எண்ணிலிருந்து ஒரு தவணைத் திட்டம் பிறக்கவேண்டும்.

எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நியாயமான ஒரு திட்டமும், அதன்படி நடந்ததற்கான அடையாளமும் இருந்தால் போதும் என்று மேல்முறையீட்டு வாரியமே சொல்லியிருக்கிறது. சிறிய கடனில் தொடங்கி ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வரலாம். 'இனிமேல் கட்டுவேன்' என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. எஸ்.ஓ.ஆர். வந்த மறுவாரம் ஓடிப்போய்க் கட்டியதற்கும் மதிப்பு குறைவு, பயத்தில் கட்டியது என்று படும். ஓராண்டுக்கு முன்பே தொடங்கி மாதம் 150 டாலர் தவறாமல் கட்டிய ரசீதுகள், கடைசி வாரம் கடன் வாங்கிக் கட்டிய 11,000 டாலரைவிடப் பலம் வாய்ந்தவை. அதனால்தான் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்கச் சொல்கிறோம்.

கலெக்‌ஷன் ஏஜென்சியோடு பேரம் பேசி 40 சதவீதத்துக்கு முடிக்கிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் கணக்கு எண், தொகை, 'இதோடு முழுத்தீர்வு' என்ற வாசகம் மூன்றும் உள்ள கடிதத்தை வாங்குங்கள். அனுப்பிய பின் தீர்வுக் கடிதத்தையும் வாங்குங்கள். கடன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு விற்கப்பட்டிருக்கும். பழையவருக்குக் கட்டிவிட்டுப் புதியவர் பெயர் ரிப்போர்ட்டில் நிற்பது வாடிக்கை. கடன் உங்களுடையதே இல்லை என்றால் 20(ஈ) இருக்கிறது, ஆனால் எழுத்துபூர்வமான ஆதாரம் வேண்டும். வசூல்காரர் அனுப்பும் முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுக்கலாம். கிரெடிட் நிறுவனத்தின் இணையதளத்தில் 'டிஸ்ப்யூட்' பொத்தானை அழுத்தி, வங்கி பதில் சொல்லாததால் கணக்கு நீங்கிவிட்டது என்பது ஆதாரமாகாது. அப்படிப் பத்துக் கணக்கை ஒரே நாளில் தட்டி நீக்கிய வரலாறு தெரிந்தால் அதுவே கேள்வியாகும்.

கடன் நிவாரணக் கம்பெனி விளம்பரங்கள் பற்றி ஒரு வார்த்தை: 'வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் சேமியுங்கள்' என்று சொல்கிறவர்களிடம் போனால் நல்ல கணக்குகளும் 120 நாள் தாண்டிவிடும். 20(சி) கேட்பது, லாப நோக்கமில்லாத மையம் போன்ற நம்பகமான இடத்தின் ஆலோசனையை. கடன் ஆலோசனைக்கான தேசிய அறக்கட்டளை உறுப்பினர் மையங்கள் அந்த வகை. திவால் மனுவும் சட்டம் தந்த வழிதான். திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தில் 3 முதல் 5 ஆண்டு தவணையை ஒழுங்காகக் கட்டியவருக்கு அது பலமாகவே அமையும்.

இனி வரி. எங்கள் அனுபவத்தில் கடனைவிட இதுதான் பொல்லாதது. கடன் கட்டாததற்கு ஏழ்மை காரணமாக இருக்கலாம்; தாக்கலே செய்யாததற்கு அது காரணமாகாது. கையில் பணமில்லாவிட்டாலும் உரிய தேதிக்குள் தாக்கல் செய்து, 9465 படிவத்தில் தவணை கேட்கவேண்டும். 4868 படிவம் தாக்கலுக்குத்தான் அவகாசம் தரும், கட்டுவதற்கு அல்ல. ரீஃபண்ட் வரவேண்டியிருந்ததால் தாக்கல் செய்யவில்லை என்பது சமாதானம் ஆகாது, சட்டப்படி தாக்கல் செய்யவேண்டியவராக இருந்தால் 26ஆம் பிரிவில் 'ஆம்' தான். சான்றாகக் காட்டவேண்டியது உங்கள் கணினியிலுள்ள 1040 வரிப் படிவ நகலை அல்ல, வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தரும் அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்டை. அதில் 150 என்ற குறியீட்டுக்கு எதிரே தேதி இருக்கும். தாக்கல் அவர்கள் கணக்கில் ஏறியதற்கு அதுவே அத்தாட்சி.

நம்மவர்கள் மட்டும் குறிப்பாக விழும் குழி ஒன்று உண்டு. வெளிநாட்டில் ஈட்டியதை ஊர் வங்கியில் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி. ஊர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கு வட்டியில் அங்கே பிடித்த வரிக்கு 1116 படிவத்தில் கழிவு கேட்கலாம், ஆனால் வட்டியைக் காட்டியாகவேண்டும். எல்லா வெளிநாட்டுக் கணக்கும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் எனப்படும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும். அப்பாவோடு கூட்டாக இருக்கும் கணக்கும், உங்களுக்குக் கையெழுத்து அதிகாரம் மட்டும் உள்ள கணக்கும் சேரும்.

இப்போது இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, வரித் தாக்கலோடு இணைக்கும் ஷெட்யூல் பி-யின் மூன்றாம் பகுதி: வெளிநாட்டில் கணக்கு உண்டா? மென்பொருளில் அவசரமாகக் கிளிக் செய்து 'இல்லை'. இன்னொன்று, எஸ்.எஃப்.-86இன் 20ஏ: வெளிநாட்டு வங்கிக் கணக்கு, சொத்து எப்போதாவது இருந்ததா? 'ஆம், சென்னையில் இரண்டு'. இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையது. இரண்டாவதில் உண்மை சொன்னவர், முதலாவதில் சொன்னது உண்மையில்லை என்று தானே எழுதிக் கொடுக்கிறார். இதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர் 20ஏ-யிலும் 'இல்லை' போடச் சொல்கிறார்கள். அது ஒரு பொய்யை இரண்டாக்கும் யோசனை. சரியான வழி, படிவம் நிரப்பும் முன்பே வரியைத் திருத்துவது. தெரியாமல் நடந்திருந்தால் ஐ.ஆர்.எஸ்.ஸின் ஸ்ட்ரீம்லைன்டு நடைமுறையில் 3 ஆண்டு வரித் தாக்கலைத் திருத்தி, 6 ஆண்டு எஃப்பார் போடலாம். உள்நாட்டில் வசிப்பவருக்கு, கணக்கில் காட்டாத வெளிநாட்டுச் சொத்தின் ஆண்டிறுதி மொத்த மதிப்புகளில் மிக உயர்ந்ததில் 5 சதவீத அபராதம் உண்டு. தெரிந்தே செய்ததென்றால் இந்த வழி பொருந்தாது, நேரே வரி வக்கீலிடம் போகவேண்டும். இதைச் சங்கத்துக் கூட்டத்தில் பேசித் தீர்க்கமுடியாது.

ஊரில் நிலம் விற்ற பணம் வந்தால் பத்திரம், வங்கிப் பரிமாற்றச் சான்று, அங்கே கட்டிய வரிச் சான்று எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டாப் சீக்ரெட் அனுமதி உள்ளவர் 10,000 டாலரோ அதற்கு மேலோ வழக்கத்துக்கு மாறாகப் பணம் வந்தால் தெரிவிக்கவேண்டும். உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்புவதும் வாங்குவதும் வேண்டவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம், பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு சீட்டுகூட இருக்காது என்பது மறுபுறம். நண்பர்களுக்குள் நடத்தும் ஏலச்சீட்டுக்கும் இதே கதிதான், எழுத்தில் கணக்கு வைத்திருந்தால் ஒழிய.

எஸ்.ஓ.ஆர். கைக்கு வந்துவிட்டால் ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு 20 நாள். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று தனித்தனியாகச் சத்தியப்பிரமாணத்தோடு பதில் எழுதவேண்டும். மொத்தமாக மறுத்து ஒரு கடிதம் எழுதினால் ஏற்கமாட்டார்கள். அவகாசம் போதாவிட்டால் காரணம் காட்டி முன்கூட்டியே கேட்கவேண்டும். முன்சொன்ன உதாரணத்தில் 1.ஏ-வுக்கான நல்ல பதில் இப்படி இருக்கும்: "ஒப்புக்கொள்கிறேன். வேலை இழந்த தேதி இது, மீண்டும் சேர்ந்த தேதி இது. வங்கியோடு உடன்பாடு இந்த நாளில், மாதம் இவ்வளவு, இதுவரை கட்டியது இவ்வளவு, மீதி இவ்வளவு. இணைப்பு: லே-ஆஃப் கடிதம், உடன்பாட்டுக் கடிதம், ஒவ்வொரு தவணைக்கும் வங்கி ரசீது." நான்கு வரி போதும். வங்கி ஏமாற்றியது, பொருளாதாரம் சரியில்லை என்று மூன்று பக்கம் எழுதி, ரசீது ஒன்றுகூட இல்லாமல் வரும் பதில்தான் தோற்கிறது.

பதிலிலேயே நீதிபதி முன் நேரடி விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணங்களை வைத்தே தீர்ப்பு போதுமா என்றும் சொல்லவேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தால் அரசுத் தரப்பு ஆவணத் தொகுப்பை அனுப்பும். கிடைத்த 30 நாளுக்குள் மறுமொழி தரலாம். பலர் அதற்குப் பதிலே அனுப்புவதில்லை. அதோடு கதை முடிந்தது. ஈ தலைப்புக் குற்றச்சாட்டு இருந்தால் விசாரணை கேட்பதே மேல் என்பது எங்கள் கருத்து. 'வேண்டுமென்றே செய்யவில்லை' என்பதை நீதிபதி முகம் பார்த்துக் கேட்டால்தான் நம்பமுடியும். விசாரணை முடிந்த பிறகும் சில காகிதங்கள் வரவேண்டியிருந்தால், ஆவணப் பதிவைச் சில நாள் திறந்து வைக்கும்படி கேட்கலாம். மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் எதுவும் ஏற்கப்படாது, ஆகவே அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது. மேல்முறையீட்டு அறிவிப்புக்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து 15 நாள்தான். தோற்றால் ஓராண்டு கழித்து, வேலைதரும் நிறுவனம் மறுபடி முன்மொழிந்தால், மீண்டும் கேட்கலாம்.

சங்கத் தலைவர்கள் லெட்டர்ஹெட்டில் தரும் நற்சான்றுக் கடிதங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறோம். "பொங்கல் விழாவுக்கு ஓடியாடி உழைத்தவர், பழகுவதற்கு இனியவர்" என்ற கடிதத்தால் பயன் குறைவு. எழுதுகிறவர் எஸ்.ஓ.ஆரைப் படித்திருக்கவேண்டும், குற்றச்சாட்டு என்னவென்று தெரிந்தும் நம்புகிறேன் என்று காரணத்தோடு எழுதவேண்டும். சங்கப் பொருளாளராக மூன்று ஆண்டு கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார் என்றால் அதை எழுதுங்கள், அது எஃப் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்தும். பிரச்சினை தெரியாமல் எழுதிய ஐந்து கடிதத்தைவிடத் தெரிந்து எழுதிய ஒன்று மேல்.

ஆகவே உங்கள் அடுத்த பயிலரங்கில் படிவப் பதில்களைப் பேசும் ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டு, இதைச் செய்யுங்கள். வந்திருப்பவர்கள் அனைவரும் அங்கேயே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டையும் இறக்கட்டும். வாரம் ஒருமுறை இலவசம். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது, மூன்றும் வேண்டும். அவரவர் ஐ.ஆர்.எஸ். கணக்கில் நுழைந்து 7 ஆண்டு டிரான்ஸ்கிரிப்டையும் எடுக்கட்டும். யாரும் யாருக்கும் காட்டவேண்டாம். பக்கத்து நாற்காலியில் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார். ஒரு சி.பி.ஏ.யையும் (கணக்காளரையும்), லாப நோக்கமற்ற கடன் ஆலோசகர் ஒருவரையும் தனி அறையில் உட்காரவையுங்கள். முன்பு எப்போதாவது எஸ்.எஃப்.-86 நிரப்பியவர்கள் அந்த நகலைத் தேடி எடுக்கட்டும், புதியதை அதோடு ஒப்பிடுவார்கள். வக்கீல் தேவைப்படுகிறவருக்குக் கிளியரன்ஸ் வழக்கு நடத்துகிற வக்கீலைத்தான் காட்டவேண்டும், குடியேற்ற வக்கீலை அல்ல. பெயர் நீக்கிய டோஹா தீர்ப்புகள் அவர்கள் இணையதளத்திலேயே கிடக்கின்றன. எஃப், ஈ இரண்டும் சேர்ந்த பத்துத் தீர்ப்புகளை உங்கள் குழுவில் இருக்கிறவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே கிளியரன்ஸ் உள்ளவர்களும் உங்கள் குழுவில் இருப்பார்கள். அவர்கள் இப்போது தொடர் கண்காணிப்பில் இருக்கிறார்கள். ஐந்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை என்ற காலம் போயிற்று. ஒரு கடன் 120 நாள் தாண்டினாலோ திவால் மனு போட்டாலோ அவர்களே பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். கணினி எச்சரிக்கை முந்திக்கொண்டால் அதே கடன் ஈ தலைப்பிலும் ஏறும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "சொல்லணுமா?" என்று கேட்டால், பதில் எழுதாமல், அவருடைய நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் அன்றைக்கே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிளியரன்ஸ் கோப்புகளோடு புழங்கும் சிலர்